பழனியின் இடது கை: மிருதங்க மேதை பழனி சுப்ரமணிய பிள்ளை

 

தைப்பூசத்துக்கு வேடசந்தூரிலிருந்து பழனிக்கு நடந்து போறது எங்க வீட்டு வழக்கம். ஒட்டன்சத்திரம் வழியா ரெண்டு நாள் நடை. ராத்திரி தங்குற இடத்துல பஜனை இருக்கும். போன தடவை எங்க குழுவுல டோலக் வாசிக்கிறவர் வரல. அதனால 12 வயசுப் பையன் ஒருத்தனை உட்கார வச்சாங்க. அவன் டோலக்கைத் திருப்பிப் போட்டு, இடது கையால கணீர்னு வாசிக்க ஆரம்பிச்சான். எனக்கே ஒரு நிமிஷம் உடம்பு சிலிர்த்துது.

ஆனா பெரியவர் ஒருத்தருக்கு அது பிடிக்கல. சாமி பாட்டுக்குப் பீச்சாங்கையால அடிக்கலாமா, ஒழுங்கா மாத்திப் பிடின்னு சொல்லிட்டார். பையன் மாத்திப் பிடிச்சான். தாளம் தப்பல. ஆனா அந்த நாதம் போயிடுச்சு. தட்டு தட்டுன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். பஜனை முடிஞ்சதும் எல்லாரும் சொன்ன வார்த்தை: பரவாயில்ல.

மறுநாள் காலையில நடக்கும்போது எங்க மாமா என்கிட்ட ஒரு விஷயம் சொன்னார். நாம எந்த ஊருக்கு நடந்து போயிட்டு இருக்கோமோ, அதே ஊர்ல பிறந்த ஒருத்தர் இதே பிரச்னையோட பாதி வாழ்க்கை போராடினார்னு. அவர் பேர் பழனி சுப்ரமணிய பிள்ளை. சின்ன வயசுல திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறிப் போய் நாலு வருஷம் மிருதங்கம் கத்துக்கிட்டவன் நான். எனக்கே அவர் பேர் மட்டும்தான் தெரியும், கதை தெரியாது. வீட்டுக்கு வந்து தேடித் தேடிப் படிச்சேன். பழைய கச்சேரிப் பதிவுகளைக் கேட்டேன். அதைத்தான் இங்கே உங்களோட பகிர்ந்துக்கறேன்.

முருகன் பேரோட பிறந்த பிள்ளை

சுப்ரமணிய பிள்ளை 1908ஆம் ஆண்டு பழனியில் பிறந்தார். அப்பா பழனி முத்தையா பிள்ளை, அம்மா உண்ணாமுலை அம்மாள். பழனியாண்டவர் சன்னிதி இருக்கிற ஊரில் பிறந்த பிள்ளைக்கு சுப்ரமணியன் என்று பேர் வச்சதில் ஆச்சரியமே இல்லை. பின்னாட்களில் ரசிகர்கள் அவரை பழனி சுப்புடு என்றும், வெறுமனே பழனி என்றும் கூப்பிட்டார்கள். கச்சேரி உலகத்தில் இன்றைக்கும் பழனி என்றால் ஊர் இல்லை, அவர்தான்.

அப்பா சாதாரண ஆள் இல்லை. தவில், மிருதங்கம், கஞ்சிரா மூன்றிலும் பேர் வாங்கினவர். புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் சீடர்.

இந்த மான்பூண்டியா பிள்ளை பற்றி ரெண்டு வரி சொல்லியே ஆகணும். ஆரம்பத்தில் அவர் விளக்குப் பிடிக்கிற வேலையில் இருந்தவர் என்று சொல்வார்கள். லய ஞானம் அவரை இழுத்துக்கொண்டு வந்து தவில் ஆசிரியரிடம் சேர்த்தது. பிறகு கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு ஏற்ற வாத்தியமாக உயர்த்தினார். கஞ்சிரா என்பது ஒரு கையில் அடங்குகிற பலாமர வளையம், அதில் உடும்புத் தோல், சின்னதாக ஒரு ஜோடி ஜல்லரா. இவ்வளவுதான் வாத்தியம். அதை வச்சுக்கிட்டு பெரிய பெரிய வித்வான்களைத் திரும்பிப் பார்க்க வச்சார். புதுக்கோட்டை வழி என்று இன்றைக்கும் சொல்கிற லயப் பரம்பரை அவரிடமிருந்து வருகிறது. தட்சிணாமூர்த்தி பிள்ளை மாதிரி பெரிய மேதைகள் அந்த வழியில் வந்தவர்கள்.

அப்படிப்பட்ட பரம்பரையில் பிறந்த பையனுக்கு வாழ்க்கை சுலபமாக அமைந்திருக்கணும் இல்லையா? ஒரே ஒரு சிக்கல். பையன் இடது கைக்காரன்.

இடது கை ஏன் இவ்வளவு பெரிய பிரச்னை?

நம்ம வீடுகளில் நொட்டாங்கைக்காரப் பிள்ளைகள் வாங்குகிற திட்டு எல்லாருக்கும் தெரியும். விபூதி வாங்கும்போது வலது கையை நீட்டு, சாப்பிடும்போது சோத்தாங்கையால சாப்பிடு, பெரியவங்களுக்குக் கொடுக்கும்போது மாத்திக் கொடு. 100 வருஷத்துக்கு முன்னாடி இது இன்னும் கடுமையாக இருந்திருக்கும்.

ஆனா மிருதங்கத்தில் இது வெறும் ஆசாரப் பிரச்னை இல்லை. வாத்தியத்தின் அமைப்பே அப்படி.

மிருதங்கத்துக்கு ரெண்டு பக்கம். வலது கை வாசிக்கிற சின்ன முகம் வலந்தலை. நடுவில் கருப்பாகச் சாதம் போட்டிருக்கும். பாடகரின் சுருதியோடு சேர்கிற கணீர் நாதம் அதிலிருந்துதான் வரும். இடது கை வாசிக்கிற பெரிய முகம் தொப்பி. கச்சேரிக்கு முன்னாடி ரவையைப் பிசைந்து அதில் ஒட்டுவார்கள். அடி ஆழத்திலிருந்து வருகிற கும்கி சத்தம் அதிலிருந்து வரும். இடது கைக்காரர் வாசிக்கணும்னா வாத்தியத்தைத் திருப்பிப் போட்டு, வலந்தலையை இடது கையால் வாசிக்கணும்.

திருப்பிப் போட்டால் என்ன என்று நமக்குத் தோணும். மேடைக்கு வந்தால்தான் தெரியும். கர்நாடக சங்கீதக் கச்சேரியில் பாடகர் நடுவில், அவருக்கு வலப்பக்கம் மிருதங்கம், இடப்பக்கம் வயலின். மிருதங்கக்காரர் பாடகரைப் பார்த்து உட்காரும்போது அவருடைய வலது கை, அதாவது வலந்தலை, ஜனங்களைப் பார்த்து இருக்கும். இடது கைக்காரர் அதே இடத்தில் உட்கார்ந்தால் ஜனங்களுக்குத் தொப்பிதான் தெரியும், வலந்தலை பின்பக்கம் போய்விடும். அதனால் அவர் எதிர்ப்பக்கம் உட்காரணும். அப்போ வயலின் வித்வான் எழுந்து இந்தப் பக்கம் வரணும். அவருக்கும் பழகின இடம், பழகின கோணம் எல்லாம் போச்சு.

ஒரு இளைஞனுக்காக, பேர் வாங்கின வயலின் வித்வான் ஏன் இடம் மாறணும்? பல பேர் மாறத் தயாராக இல்லை. சபாக்காரர்களுக்கும் எதுக்கு வம்பு என்ற எண்ணம். வலது கையால் வாசிக்க எத்தனையோ பேர் இருக்கும்போது இவர் எதற்கு?

இதையெல்லாம் அப்பா முத்தையா பிள்ளை அறியாதவர் இல்லை. இந்தக் கையை வச்சுக்கிட்டு பையன் மேடையில் என்ன பாடுபடுவான் என்று அவருக்குத் தெரியும். அதனால் மகனுக்குச் சொல்லிக் கொடுக்க அவருக்கே ஆரம்பத்தில் தயக்கம் இருந்தது என்று சொல்வார்கள். யோசிச்சுப் பாருங்க. வீட்டிலேயே குரு. ஆனா குருவுக்கே நம்பிக்கை இல்லை.

மூன்று வழி

இந்த இடத்தில் அந்தப் பையனுக்கு முன்னாடி மூன்று வழி இருந்தது. இதை எழுதும்போது எனக்கு என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது.

முதல் வழி, விட்டுவிடுவது. வேற தொழில் பார்க்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ரெண்டாவது வழி, வலது கைக்கு மாறிவிடுவது. இதுதான் ரொம்ப நியாயமாகத் தெரிகிற வழி. கஷ்டப்பட்டு சாதகம் செய்தால் வலது கையும் ஓரளவு பழகும். தாளம் தப்பாது. கச்சேரி கிடைக்கும். சம்பாதிக்கலாம். பழனி முத்தையா பிள்ளையின் மகன் பரவாயில்லாமல் வாசிக்கிறார் என்று ஊர் சொல்லும். பஜனையில் அந்தப் பையன் கையை மாற்றிப் பிடித்தானே, அதே வழி.

மூன்றாவது வழி, முருகன் கொடுத்த கை இதுதான், இந்தக் கையை உலகத்திலேயே முதல் தரமான கையாக ஆக்குவேன் என்று உட்கார்வது. இதில் ஒரு உத்தரவாதமும் கிடையாது. எவ்வளவு நன்றாக வாசித்தாலும் மேடையே கிடைக்காமல் போகலாம்.

சுப்ரமணியன் மூன்றாவது வழியில் போனார்.

அப்பாவின் தயக்கம் ஒரு கட்டத்தில் கரைந்தது. அதன் பிறகு புதுக்கோட்டை வழியின் கணக்கும், தவிலின் வேகமும் வீரியமும், மிருதங்கத்தின் நாதமும் அந்தக் கைக்குள் போயின. கஞ்சிராவும் கற்றுக்கொண்டார்.

கணக்கும் நாதமும்

சங்கீதம் தெரியாத நண்பர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். நான் இன்ஜினீயரிங் படித்தவன் என்பதால் இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆதி தாளம் ஒரு சுற்றுக்கு 8 எண்ணிக்கை. ஒவ்வொன்றையும் நாலாகப் பிரித்தால் 32 மாத்திரை. இப்போ ததிகிணதொம் என்கிற சொல்லை எடுத்துக்கோங்க. அதில் 5 மாத்திரை. அதை மூன்று தடவை வாசித்தால் 15. முடிஞ்சதும் அடுத்த சுற்றின் முதல் அடியில் சரியாக வந்து விழணும்னா, 17 மாத்திரை கடந்த பிறகு ஆரம்பிக்கணும். ஒரு மாத்திரை முன்னே பின்னே போனாலும் அவ்வளவுதான். இது பால பாடம். பெரிய வித்வான்கள் 3, 5, 7, 9 என்று நடையை மாற்றி, சுருக்கி, விரித்து, பல சுற்றுகள் தாண்டி அதே இடத்தில் வந்து இறங்குவார்கள். அதுவும் பேப்பர் பேனா இல்லாமல், பாட்டைக் கேட்டுக்கொண்டே.

கணக்கு மட்டும் தெரிந்தவர்கள் நிறைய பேர் உண்டு. வாசிக்கும்போது கணக்கு நெற்றியில் தெரியும். பழனியின் பெருமை என்னவென்றால், கணக்கு அவ்வளவு கடினமாக இருக்கும், ஆனால் காதுக்கு அது கணக்காகவே தெரியாது. பாட்டு நடந்து போகிற மாதிரியே மிருதங்கமும் கூட நடந்து போகும். எங்கேயோ போய்விட்டாரே என்று நினைக்கும்போது மெதுவாக வந்து சரியான இடத்தில் உட்காருவார். அவருடைய ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, சுத்தமாகக் கேட்கும். அவருடைய தொப்பி நாதத்தை, அந்தக் கும்கியை, ரசிகர்கள் இன்றைக்கும் சிலாகித்துப் பேசுகிறார்கள்.

ஒரு விஷயம் கவனிச்சீங்களா? சாதாரணமாக இடது கை வாசிக்கிற தொப்பியை அவர் வாசித்தது வலது கையால். வலது கைக்கு மாறியிருந்தால், அந்தத் தொப்பி நமக்குக் கிடைத்திருக்காது.

மேடை இல்லாத வருஷங்கள்

இந்தக் கதையில் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்த பகுதி இதுதான்.

பழனியை விட நாலு வயசு சின்னவர் பாலக்காடு மணி ஐயர். 1912ல் பிறந்தவர். பதின்ம வயதிலேயே பெரிய மேடைகளுக்கு வந்துவிட்டார். அவரும் மகா மேதை, அதில் சந்தேகமே இல்லை. அவர் வாசித்த வாசிப்பில் மிருதங்கத்தின் மதிப்பே மேலே போனது. ஆனா பழனியின் இடத்தில் நம்மை வச்சுப் பார்க்கணும். நம்மை விட சின்னவர் ஒருத்தர் உச்சத்துக்குப் போகிறார். நமக்கோ வாசிப்பில் குறை இல்லை, கையில்தான் குறை என்கிறார்கள். உட்கார இடம் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

நம்ம தலைமுறைக்கு இது நல்லாப் புரியும். கூடப் படித்தவன் வெளிநாடு போய்விட்டான், பதவி உயர்வு வாங்கிவிட்டான் என்று மொபைலில் பார்த்த ராத்திரி நமக்குத் தூக்கம் வராது. அடுத்த நாள் என்ன செய்வோம்? எனக்கெல்லாம் இவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டு, வேலையை ஒப்பேத்த ஆரம்பிப்போம். சாட்சிக்கு வேற ஆள் தேட வேண்டாம், நானே இருக்கேன்.

பழனி ஒப்பேத்தவில்லை. வாய்ப்பு வராத காலத்தில் செய்த சாதகம்தான், பின்னாடி வாய்ப்பு வந்தபோது அவரைக் காப்பாற்றியது. மேடை கிடைத்த பிறகு தயாராகலாம் என்று இருந்திருந்தால், கிடைத்த முதல் கச்சேரியே கடைசிக் கச்சேரியாகப் போயிருக்கும்.

இன்னொன்றும் செய்தார். மிருதங்கத்துக்கு இடம் இல்லாத மேடையில் கஞ்சிராவோடு உட்கார்ந்தார். மணி ஐயர் மிருதங்கம் வாசித்த மேடைகளிலேயே பழனி கஞ்சிரா வாசித்தது உண்டு. மேடையின் வரிசையில் கஞ்சிரா மிருதங்கத்துக்கு அடுத்த இடம்தான். அந்த இடத்தில் உட்கார அவருக்குக் கௌரவக் குறைச்சல் இல்லை. ஆனால் உட்கார்ந்த பிறகு வாசித்த கஞ்சிராவில் ஒரு குறைச்சலும் வைக்கவில்லை. ரெண்டாவது இடத்தில் இருந்தார், ரெண்டாந்தரமாக வாசிக்கவில்லை.

கை கொடுத்த செம்பை

முருகன் நேரில் வருவதில்லை, மனுஷ ரூபத்தில்தான் ஆள் அனுப்புவான் என்று எங்க பாட்டி சொல்வாங்க. பழனிக்கு வந்தவர் செம்பை வைத்தியநாத பாகவதர்.

1896ல் பிறந்த செம்பை அப்போது முன்னணிப் பாடகர். வெண்கலக் குரல். குருவாயூரப்பனே கதி என்று வாழ்ந்தவர். பிற்காலத்தில் யேசுதாஸுக்குக் குருவாக இருந்தவரும் அவர்தான். திறமை எங்கே இருந்தாலும் கைதூக்கி விடுவது அவர் குணம். மணி ஐயரை இளம் வயதிலேயே பக்கத்தில் வைத்துக்கொண்டு பாடியவரும் இதே செம்பைதான்.

பழனியின் வாசிப்பைக் கேட்ட செம்பைக்கு, இந்த ஆள் வெறும் உட்காரும் இடத்தினால் வீணாகிறாரே என்று பொறுக்கவில்லை. தன் கச்சேரிகளில் பழனியை மிருதங்கம் வாசிக்க வைத்தார். வயலின்காரர்கள் இடம் மாற மறுத்தபோது அவர் விட்டுக்கொடுக்கவில்லை. நடுவில் உட்கார்ந்து பாடுகிறவரே பழனிதான் வேண்டும் என்று உறுதியாக நின்ற பிறகு மற்றவர்கள் என்ன செய்ய முடியும்? வயலின் இந்தப் பக்கம் வந்தது. மிருதங்கம் அந்தப் பக்கம் போனது. மேடையின் வழக்கம் ஒரு இடது கைக்காக மாறியது.

இதைப் படித்தபோது எனக்கு ஒன்று தோணியது. செம்பை கதவைத் திறந்துவிட்டார், சரி. ஆனா கதவு திறந்த அன்றைக்கு உள்ளே வரத் தகுதியாக அந்தக் கை தயாராக இருந்தது. செம்பை நாலு பேரிடம் சண்டை போட்டு ஒரு பரவாயில்லை மிருதங்கக்காரரை உட்கார வைத்திருப்பாரா? அவ்வளவு பெரிய வித்வானே சண்டை போடுகிற அளவுக்கு அந்த வாசிப்பில் ஏதோ இருந்திருக்கணும்.

மூவரில் ஒருவர்

அதன் பிறகு நடந்தது சரித்திரம். மதுரை மணி ஐயர், ஜி.என்.பி., ஆலத்தூர் சகோதரர்கள் என்று அன்றைய பெரிய வித்வான்களுக்கெல்லாம் பழனி வாசித்தார். ஆலத்தூர் சகோதரர்கள் லயத்தில் புலிகள். பல்லவி பாடினால் பக்கவாத்தியக்காரர்களுக்கு வியர்க்கும். அவர்களுக்கும் பழனிக்கும் அப்படி ஒரு பொருத்தம்.

பாலக்காடு மணி ஐயர், பழனி சுப்ரமணிய பிள்ளை, ராமநாதபுரம் சி.எஸ். முருகபூபதி. இந்த மூன்று பேரையும் மிருதங்க மும்மூர்த்திகள் என்று சங்கீத உலகம் கொண்டாடியது. இடம் கொடுக்க மாட்டேன் என்ற அதே உலகம்தான். ஒரே காலத்தில் உச்சத்தில் இருந்தவர்களாக இருந்தாலும் பழனியும் மணி ஐயரும் ஒருவரை ஒருவர் மதித்தார்கள். ரெண்டு பேர் வழியும் வேற. மணி ஐயர் தஞ்சாவூர் வழி, பழனி புதுக்கோட்டை வழி. ஒருத்தர் மாதிரி இன்னொருத்தர் வாசிக்க முயற்சி செய்யவில்லை.

அவர் திறந்த வழியில் பின்னாடி மற்ற இடது கைக்காரர்களும் வந்தார்கள். தஞ்சாவூர் உபேந்திரன் இடது கைக்காரர்தான். அவர் பெரிய மேடைகளில் வாசித்துப் புகழ் பெற்றபோது, இடது கை மிருதங்கம் சபைகளுக்குப் புதுசு இல்லை.

கிடைக்காத பழம்

1962ஆம் ஆண்டு பழனி சுப்ரமணிய பிள்ளை காலமானார். வயது 54தான்.

சென்னை மியூசிக் அகாடமி கொடுக்கிற சங்கீத கலாநிதி பட்டம் கர்நாடக சங்கீதத்தில் மிகப் பெரிய கௌரவம். ஆனா ரொம்ப காலம் அது மிருதங்கக்காரர்களுக்குப் போகவே இல்லை. முதன்முதலில் 1966ல் பாலக்காடு மணி ஐயருக்குக் கிடைத்தது. பழனி போய் நாலு வருஷம் ஆகியிருந்தது.

நம்ம பழனி தல வரலாறு ஞாபகம் வருதா? ஞானப்பழத்துக்காக உலகத்தையே சுற்றி வந்தவன் முருகன். பழம் அவனுக்குக் கிடைக்கவில்லை. ஆனா அவன் போய் நின்ற மலை என்ன ஆச்சு? இன்றைக்கு லட்சக்கணக்கான பேர் அங்கேதான் நடந்து போகிறோம். பழம் கிடைக்காதவனையே பழம் நீ என்று கூப்பிட்டதால் பழனி என்று பேர் வந்ததாகச் சொல்வார்கள்.

பட்டம் கிடைக்காத பழனிக்கும் வேற விதத்தில் பழம் கிடைத்தது. திருச்சி சங்கரன் என்று ஒரு சீடர். 1942ல் பிறந்தவர், சின்னப் பையனாக பழனியிடம் வந்து சேர்ந்தார். சங்கரன் வலது கைக்காரர். குருவும் சீடனும் எதிரெதிரே உட்கார்ந்தால் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இருக்கும். குருவின் இடது கை எங்கே அடிக்கிறதோ அங்கே நேராக சீடனின் வலது கை. ஊர் குறை சொன்ன அதே இடது கை, ஒரு பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க ரொம்ப வசதியாக அமைந்துவிட்டது. 13 வயதில் மேடை ஏறிய சங்கரன், 1971ல் கனடா போய் டொரன்டோவில் இருக்கிற யார்க் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் மிருதங்கம் சொல்லிக் கொடுத்தார். பழனியில் தொடங்கிய கை, பனி பெய்கிற தேசம் வரைக்கும் போனது. 2011ல் சங்கரனுக்கு சங்கீத கலாநிதி கிடைத்தது. குருவுக்கு வராதது சீடன் வழியாக வந்து சேர்ந்தது என்றே நான் நினைக்கிறேன்.

போதும் என்ற மனமா?

இப்போ ஒரு நியாயமான கேள்வி வரும். எனக்கும் வந்தது. போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்துன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்களே. பக்தனுக்குத் திருப்திதானே அழகு? பெரிய ஆளாகணும், உச்சத்துக்குப் போகணும்னு ஆசைப்படுவது ஆணவம் இல்லையா? இருக்கிறது போதும்னு இருந்தா என்ன தப்பு?

பழனியின் வாழ்க்கையைப் படித்த பிறகு எனக்குக் கிடைத்த பதில் இது. கிடைக்கிற விஷயத்தில் போதும் என்று சொல்லலாம். கொடுக்கிற விஷயத்தில் போதும் என்று சொல்லக்கூடாது.

சம்பளம், பட்டம், மேடையில் எந்த இடம், எத்தனை பேர் கைதட்டினார்கள், இதெல்லாம் கிடைக்கிறது. இதில் போதும் என்று சொல்கிறவன் நிம்மதியாகத் தூங்குவான். நம்ம சாதகம், நம்ம உழைப்பு, நம்ம கவனம், இதெல்லாம் கொடுக்கிறது. ஒரு விதத்தில் இது முருகனுக்குக் கொடுக்கிற காணிக்கை. அழுகின பழத்தைப் பஞ்சாமிர்தத்துக்குக் கொடுத்துவிட்டு பரவாயில்லை என்று யாராவது சொல்வோமா?

நாம பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்யறோம். கிடைக்கிறதில் திருப்தியே இல்லை, புலம்பிக்கிட்டே இருக்கோம். கொடுக்கிறதில் ரொம்ப சீக்கிரம் திருப்தி ஆயிடறோம்.

என் கதையையே சொல்றேன். மிருதங்கத்தைப் பத்தாம் வகுப்பு வந்ததும் விட்டேன். படிப்புதான் முக்கியம்னு சொல்லிக்கிட்டேன். உண்மை அது இல்லை. நான் விட்டதுக்குக் காரணம் கை வலி, அதோட ஒரு கோர்வை எவ்வளவு முயன்றும் சரியா வரல. வேலையிலும் அப்படித்தான். நான் எழுதுற புரோகிராம் ஓடுது, சோதனையில் தேறுது. இன்னும் நல்லா எழுதலாம்னு எனக்கே தெரியும். ஆனா ஓடுதே, பரவாயில்லன்னு அனுப்பிடுவேன். அப்புறம் மேலே போகலன்னு வருத்தப்படுவேன். என்னை யாரும் தடுக்கல. எனக்கு எந்த மேடையும் மூடல. நானேதான் கையை மாத்திப் பிடிச்சேன்.

எல்லாரும் பழனி சுப்ரமணிய பிள்ளை ஆக முடியாது. அது எனக்குத் தெரியும். மலைக்கு வருகிற எல்லாரும் 693 படியையும் ஒரே மூச்சில் ஏற முடியாது. வயசானவங்க விஞ்சில் வருவாங்க, சில பேர் யானைப் பாதையில் மெதுவா வருவாங்க. அதில் தப்பே இல்லை. ஆனா ஏறத் தெம்பு இருக்கிறவன் அடிவாரத்திலேயே நின்னு கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுட்டு, மேலே போய் வந்த மாதிரி பேசக்கூடாது இல்லையா?

பெரிய ஆள் ஆவது நம்ம கையில் இல்லை. நம்ம கைக்கு எது வருமோ, அதை அதன் எல்லை வரைக்கும் கொண்டு போவது நம்ம கையில் இருக்கு. அந்த இடது கை அதைத்தான் செய்தது.

ஊருக்குத் திரும்பி வந்த பிறகு அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். பழனி வாசித்த ஒரு பழைய பதிவைப் போட்டுக் கேட்க வச்சேன். தனி ஆவர்த்தனம் முடியும் வரைக்கும் கண் கொட்டாமல் கேட்டான். இவர் இடது கைக்காரர், நம்ம பழனிக்காரர்னு சொன்னேன். அவன் ஒண்ணும் பேசல. போய் டோலக்கை எடுத்துட்டு வந்து, திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். அவங்க அம்மா என்னைப் பார்த்தாங்க. வாசிக்கட்டும்க்கா, அடுத்த தைப்பூசத்துக்கு அந்தப் பெரியவர்கிட்ட நான் பேசிக்கிறேன்னு சொல்லிட்டு வந்தேன்.

என் பழைய மிருதங்கம் பரண் மேல இருக்கு. வார் எல்லாம் தளர்ந்து போச்சு. திண்டுக்கல்லில் கொடுத்துச் சரி பண்ணணும். அந்த வராத கோர்வை எனக்கு இன்னும் மறக்கல.

நேரம் இருக்கும்போது பழனியின் பதிவு ஒன்றைத் தேடிக் கேளுங்க. மதுரை மணி ஐயரோடு, ஜி.என்.பி.யோடு, ஆலத்தூர் சகோதரர்களோடு அவர் வாசித்த பதிவுகள் இணையத்தில் கிடைக்குது. முழு வாழ்க்கையையும் படிக்க ஆசைப்பட்டால் லலிதாராம் எழுதிய துருவ நட்சத்திரம் என்ற புத்தகம் இருக்கு. உங்க வீட்டில், உங்க குழுவில் ஒரு நொட்டாங்கைப் பிள்ளை இருந்தா, இதை அவங்க அப்பா அம்மாவுக்குக் கட்டாயம் அனுப்புங்க.

அடுத்த முறை பழனி மலை ஏறும்போது, தண்டாயுதபாணியிடம் எனக்கு இது கொடு, அது கொடுன்னு கேட்கிறதுக்கு முன்னாடி, நீ கொடுத்த கையை நான் முழுசா பயன்படுத்தினேனான்னு ஒரு தடவை அவன்கிட்ட கேட்டுப் பார்ப்போம்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!
பழனியாண்டவனுக்கு அரோகரா!